பார்சல் வராதபோது யாரிடம் எதைக் கேட்பது: இணையத்தில் வாங்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இணையத்தில் பொருள் வாங்கத் தொடங்கியிருப்பவர்கள் கூரியர் நிறுவனத்தோடு முதன்முறையாக மல்லுக்கட்டும்போது பெரும்பாலும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்: தாங்கள் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் பணம் கொடுத்தது விற்பனையாளருக்கு. கூரியரைத் தேர்ந்தெடுத்து, அவர்களோடு ஒப்பந்தம் போட்டு, கட்டணம் கட்டுவது விற்பனையாளரோ அவர் கடை விரித்திருக்கும் தளமோதான். கூரியரின் பதிவேட்டில் நீங்கள் வெறும் பெறுநர். அரை மணி நேரம் தொலைபேசியில் இசை கேட்டுக் காத்திருந்தாலும் "அனுப்பியவரைத் தொடர்புகொள்ளுங்கள்" என்ற பதில் வருவது இதனால்தான். எரிச்சலூட்டும் பதில் அது. ஆனால் ஒப்பந்தப்படி பார்த்தால் சரியான பதிலும் அதுவே.

ஆகவே கூரியரிடம் நீங்கள் கேட்க வேண்டியது தகவல். விற்பனையாளரிடம் கேட்க வேண்டியது பொருள் அல்லது பணம். இரண்டையும் இடம் மாற்றிக் கேட்டால் இரு தரப்பும் கைவிரித்துவிடும். பல நாடுகளின் சட்டங்களும் இந்தக் கணக்கையே பின்பற்றுகின்றன. எடுத்துக்காட்டாக, ஐரோப்பிய ஒன்றியம் 2011ஆம் ஆண்டு கொண்டுவந்த நுகர்வோர் உரிமை நெறியாணையின்படி, பொருள் வாங்குபவரின் கைக்கு வந்து சேரும்வரை அது தொலைந்தாலும் சேதமடைந்தாலும் இழப்பு விற்பவரையே சேரும். வேறு தேதி பேசிக்கொள்ளாத நிலையில் 30 நாள்களுக்குள் ஒப்படைத்தாக வேண்டும். அதிலேயே ஒரு விதிவிலக்கும் இருக்கிறது: விற்பனையாளர் முன்வைக்காத ஒரு கூரியரை வாங்குபவர் தாமே ஏற்பாடு செய்தால், பொருள் அந்தக் கூரியரின் கைக்குப் போன நொடியிலேயே பொறுப்பு வாங்குபவரின் தலையில் வந்து விழுந்துவிடும். உங்கள் நாட்டுச் சட்டத்தில் இதற்கு நிகரான பிரிவு எது என்று, சிக்கல் எதுவும் இல்லாத ஒரு நாளில் தேடிக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எழுதப்போகும் புகாரில் அந்த ஒரு வரி மற்ற எல்லா வரிகளையும்விட வேலை செய்யும்.

முதல் படி: பணம் கட்டும் முன்பு

பொருளின் பக்கத்தில் விலையைப் பார்ப்பதற்கு முன் இரண்டு வரிகளைத் தேடுங்கள்: யார் விற்கிறார்கள், யார் அனுப்புகிறார்கள். தளமே தன் கிடங்கிலிருந்து அனுப்பும் பொருளுக்கும், தளத்தில் இடம் பிடித்திருக்கும் ஒரு தனி வியாபாரி தன் கடையிலிருந்து அனுப்பும் பொருளுக்கும் பிற்பாடு வரும் சிக்கலில் பெரிய வேறுபாடு உண்டு. முன்னதில் பேச வேண்டிய ஆள் ஒருவர்; பின்னதில் மூவர். அடுத்து, வந்து சேரும் நாள் என்று தளம் காட்டும் தேதியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தாமதம் ஏற்பட்டவுடன் பல தளங்கள் பழைய தேதியை அழித்துவிட்டுப் புதிய தேதியை அதே இடத்தில் காட்டுகின்றன. முதலில் சொன்ன தேதி எது என்பதற்கு உங்களிடம் உள்ள படத்தைத் தவிர வேறு சான்று இராது.

முகவரி எழுதுவதைப் பலர் சடங்காகச் செய்கிறார்கள். உங்கள் முகவரியை முதலில் படிப்பது மனிதர் அல்லர், இயந்திரம். பார்சல் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பதைப் பிரிப்பு மையம் முடிவுசெய்வது லேபிளில் உள்ள பார்கோடையும் அஞ்சல் குறியீட்டு எண்ணையும் வைத்துத்தான். அந்த எண்ணில் ஓர் இலக்கம் பிசகினால், ஊர்ப் பெயரை எவ்வளவு தெளிவாக எழுதியிருந்தாலும் பெட்டி வேறு ஊருக்குப் போய்த் திரும்பும். கடைசியாகப் படிப்பவர்தான் மனிதர், அதாவது வண்டியில் வரும் ஊழியர். அவருக்கு வேண்டியது வீட்டு எண், எத்தனையாவது மாடி, அடையாளம், தொலைபேசி எண் ஆகியவை. இந்த இருவருக்கும் நடுவே ஒரு மென்பொருள் இருக்கிறது. பெரிய கூரியர் நிறுவனங்கள் சிலவற்றின் லேபிளில் முகவரியின் ஒரு வரிக்கு 35 எழுத்துகள்தாம் இடம், மிஞ்சுவது வெட்டுப்பட்டுவிடலாம். "அருகில்", "எதிரில்" என்று நீளமாகத் தொடங்கி வீட்டு எண்ணைக் கடைசியில் எழுதுபவர்களின் லேபிளில் வீட்டு எண்ணே இல்லாமல் போவது இப்படித்தான். எனவே எண்ணை வரியின் தொடக்கத்தில் எழுதுங்கள். அடையாளத்தைத் தனி வரியில் கொடுங்கள்.

இரண்டாம் படி: ட்ராக்கிங் பக்கத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வது

ட்ராக்கிங் பக்கம் பார்சல் இப்போது எங்கே இருக்கிறது என்பதைக் காட்டுவதில்லை. கடைசியாக எங்கே ஸ்கேன் செய்யப்பட்டது என்பதை மட்டுமே காட்டுகிறது. இந்த வேறுபாடு தெரியாததால்தான் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்து மனம் நோகிறோம். ஒரு பிரிப்பு மையத்தில் லாரியில் ஏறிய பெட்டி அடுத்த மையத்தில் இறங்கும்வரை அதை ஸ்கேன் செய்ய யாரும் இல்லை. தொலைவு அதிகமானால் இரண்டு மூன்று நாள்கள் ஒரு வரிகூடச் சேராமல் இருப்பது இயல்பே.

ஒவ்வொரு நிலையும் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பார்ப்போம். "லேபிள் உருவாக்கப்பட்டது" என்றால் விற்பனையாளர் ஒரு காகிதத்தை அச்சிட்டிருக்கிறார், அவ்வளவுதான். பொருள் இன்னும் அவருடைய அலமாரியிலேயே இருக்கலாம், சில சமயம் அவரிடம் இருப்பே இல்லாமலும் இருக்கலாம். இந்த நிலையில் நான்கைந்து நாள் நின்றால் கூரியரை அழைப்பது வீண். அவர்கள் இன்னும் பெட்டியைப் பார்த்ததே இல்லை. "பெற்றுக்கொள்ளப்பட்டது" அல்லது அதையொத்த முதல் ஸ்கேன் விழுந்த பிறகுதான் கூரியரின் பொறுப்பு தொடங்குகிறது. "டெலிவரிக்குப் புறப்பட்டது" என்பது, அன்றைய வண்டியின் பட்டியலில் உங்கள் பெட்டி சேர்க்கப்பட்டது என்று பொருள்படும். வண்டி நிரம்பிவிட்டாலோ அந்த ஊழியரின் வேலை நேரம் முடிந்துவிட்டாலோ மாலையில் அது திரும்பிக் கிடங்குக்கே போகும். அன்று முழுதும் வீட்டிலேயே காத்திருந்தவருக்கு இது நம்பிக்கைத் துரோகமாகத் தெரியும். கிடங்கிலோ அது அன்றாடக் கணக்கு.

எல்லாவற்றிலும் அதிகச் சண்டையைக் கிளப்புவது "வாடிக்கையாளர் வீட்டில் இல்லை" என்ற வரி. நான் கதவைத் திறந்துவைத்து வாசலுக்கு நேராக உட்கார்ந்திருந்த ஒரு பிற்பகலில், 3.42 மணிக்கு இந்த வரி என் கைப்பேசியில் வந்து விழுந்தது. யாரும் வரவில்லை, அழைப்பும் இல்லை. ஊழியர் பொய் சொல்லிவிட்டார் என்று கொதிப்பதற்கு முன் அவருடைய கையிலுள்ள கருவியை நினைத்துப் பாருங்கள். ஒப்படைக்க முடியாத ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுத்தால்தான் அவர் நாளை முடிக்க முடியும். அந்தப் பட்டியலில் "எனக்கு நேரம் போதவில்லை" என்று ஒரு காரணம் பெரும்பாலும் இருப்பதில்லை. பல இடங்களில் ஒப்படைக்கும் பெட்டி ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி. குற்றம் அவரை அந்த இடத்தில் நிறுத்திய ஏற்பாட்டின் மேல் என்பது என் எண்ணம். ஆனால் உங்களுக்கு இதனால் வரும் கேடு உண்மையானது: பொதுவாக இரண்டு அல்லது மூன்று முயற்சிகளுக்குப் பின் பெட்டி அனுப்பியவருக்கே திரும்பிவிடும். எனவே பொய்யான முதல் வரி விழுந்த அன்றே விற்பனையாளருக்கும் கூரியருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்: இந்த நேரத்தில் நான் வீட்டில் இருந்தேன், அழைப்பு வரவில்லை, கைப்பேசியின் அழைப்புப் பட்டியலை இணைத்திருக்கிறேன். கூடவே, கிடங்கில் நேரில் வந்து பெற்றுக்கொள்ளலாமா, எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று கேளுங்கள். பல தடவை அதுவே குறுக்கு வழி.

அஞ்சல்துறை வழியாக வெளிநாட்டிலிருந்து வரும் பொருள்களுக்கு ட்ராக்கிங் எண்ணே சில விவரங்களைச் சொல்லிவிடும். 1874இல் தொடங்கிய, பெர்ன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அனைத்துலக அஞ்சல் ஒன்றியம் வகுத்த எஸ்10 என்ற நெறிப்படி இந்த எண் 13 இடங்கள் கொண்டது: முதலில் இரண்டு ஆங்கில எழுத்துகள், பின் ஒன்பது இலக்கங்கள், முடிவில் அனுப்பிய நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள். முதல் எழுத்து 'ஆர்' ஆனால் பதிவு அஞ்சல், 'சி' ஆனால் பார்சல், 'ஈ' ஆனால் விரைவு அஞ்சல். 'யு' என்று தொடங்கினால் பெரும்பாலும் கண்காணிப்பு வசதியற்ற சாதாரண அஞ்சல். அதற்கு ஸ்கேன் விழவில்லையே என்று பதறுவதில் பயனில்லை. ஒன்பது இலக்கங்களில் கடைசியானது சரிபார்ப்பு இலக்கம். முதல் எட்டையும் வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, கூட்டுத்தொகையை 11ஆல் வகுத்து, மீதியை 11இலிருந்து கழித்தால் அது கிடைக்க வேண்டும். விடை 10 என வந்தால் 0, 11 என வந்தால் 5 என்று கொள்ள வேண்டும். 47312482 என்ற எட்டு இலக்கங்களை எடுத்துக்கொண்டால் கூட்டுத்தொகை 200, மீதி 2, எனவே ஒன்பதாவது இலக்கம் 9. விற்பனையாளர் கொடுத்த எண் இந்தக் கணக்குக்கு ஒத்துவரவில்லை என்றால் அது தட்டச்சுப் பிழை, அல்லது கற்பனை எண். இரண்டில் எது என்பதை அவருடைய அடுத்த பதிலே காட்டிவிடும்.

இடையில் கூரியர் மாறும் வாய்ப்பையும் மறந்துவிட வேண்டாம். நெடுந்தொலைவுக்கு ஒரு நிறுவனம், ஊருக்குள் ஒப்படைக்க இன்னொரு நிறுவனம் என்பது சாதாரணம். அப்போது எண்ணும் மாறலாம். முதல் நிறுவனத்தின் பக்கத்தில் "கூட்டாளி நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது" என்று நின்றுபோனால், புதிய எண்ணை விற்பனையாளரிடம் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாம் படி: பெட்டி வாசலுக்கு வரும்போது

அந்த இரண்டு நிமிடம்தான் உங்கள் கையில் அதிகாரம் இருக்கும் நேரம். பெட்டி நசுங்கியோ நனைந்தோ இருந்தால், ஒட்டுநாடாவின் மேல் இன்னொரு ஒட்டுநாடா இருந்தால், கையெழுத்துப் போடுவதற்கோ ஓடிபி சொல்வதற்கோ முன் ஊழியர் எதிரிலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓடிபி என்பது உங்கள் கையெழுத்துக்குச் சமம். பெட்டி கையில் வராமல் தொலைபேசியில் யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. சேதம் மோசமாக இருந்தால் வாங்க மறுத்துவிடலாம். மறுத்த காரணத்தை அவருடைய கருவியில் பதியச் சொல்லுங்கள். வாங்கிக்கொள்வதானால் கையெழுத்தின் அருகே என்ன சேதம் என்று குறிப்பாக எழுதுங்கள். "சோதித்துப் பார்க்கவில்லை" என்று பொதுவாக எழுதுவதைவிட "இடது மூலை கிழிந்துள்ளது, உள்ளே சத்தம் கேட்கிறது" என்பதற்கு மதிப்பு மிகவும் அதிகம்.

பெட்டியைத் திறக்கும் முன் இன்னொரு வேலை இருக்கிறது, அதைப் பெரும்பாலோர் செய்வதில்லை. லேபிளில் எடை அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால், வீட்டில் இருக்கும் தராசில் பெட்டியை நிறுத்து, தராசின் எண்ணும் லேபிளும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை எனக்கு வந்த பெட்டியின் லேபிளில் 1.9 கிலோ என்றிருந்தது; தராசோ 600 கிராமுக்குக் கொஞ்சம் மேலேதான் காட்டியது. உள்ளே கசக்கிய தாள்களும் ஒரு மின்கம்பியும் மட்டுமே இருந்தன. விற்பனையாளர் முதலில் நம்பவில்லை. அந்த ஒரு படத்தை அனுப்பிய பிறகு பேச்சின் தொனியே மாறிவிட்டது, ஏனென்றால் இப்போது கேள்வி நான் சொல்வது உண்மையா என்பதல்ல, வழியில் எந்த மையத்தில் எடை குறைந்தது என்பது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: விமானக் கூரியர்கள் லேபிளில் இடும் எடை சில சமயம் பெட்டியின் பருமனைக் கொண்டு கணக்கிட்டதாக இருக்கும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பது பரவலான வழக்கம். 40, 30, 30 அளவுள்ள பெட்டி அந்தக் கணக்கில் 7.2 கிலோ. உள்ளே ஒரு தலையணை மட்டுமே இருந்தாலும் அப்படித்தான். ஆகவே அச்சிட்ட எடை உண்மை எடையா, பருமன் எடையா என்று பார்த்த பிறகே குற்றம் சாட்டுங்கள்.

திறக்கும்போது காணொளி எடுப்பதென்றால் ஒரே தொடர்ச்சியாக எடுங்கள். முதலில் பெட்டியின் ஆறு பக்கங்கள், பிறகு லேபிள் எழுத்து படிக்கும்படி நெருக்கமாக, பிறகு ஒட்டுநாடாவை வெட்டுவது, பொருளின் வரிசை எண். நடுவே நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்கிய காணொளியை எதிர்த்தரப்பு ஏற்காது. கைப்பேசியை எதன் மீதாவது சாய்த்து நிறுத்திக்கொள்வது நல்லது. என் முதல் காணொளியின் பெரும்பகுதியில் தெரிந்தது என் கட்டைவிரல்.

பெட்டியையும் உள்ளே இருந்த அட்டை, பஞ்சு, தாள் எல்லாவற்றையும் விவகாரம் முடியும்வரை எறியாதீர்கள். சேதத்துக்கு இழப்பீடு கேட்டால் கட்டியிருந்த விதத்தைக் கூரியர் ஆய்வுசெய்யக் கேட்பது வழக்கம். பெட்டி இல்லை என்றால் கோரிக்கையும் இல்லை. கெடுவும் மிகக் குறுகியது. நாடுகளுக்கிடையே விமானத்தில் வரும் சரக்குக்கான 1999ஆம் ஆண்டு மாண்ட்ரியால் உடன்படிக்கை, சேதத்தை எழுத்தில் தெரிவிக்கப் பொருளைப் பெற்றதிலிருந்து 14 நாள் தருகிறது. சாலைவழிச் சரக்குக்கான 1956ஆம் ஆண்டு உடன்படிக்கையில், வெளியில் தெரியாத சேதத்துக்கு ஞாயிறும் விடுமுறையும் நீங்கலாக 7 நாள்தான். விற்பனைத் தளங்களின் விதிகள் பலவற்றில் இதைவிடவும் குறைவு. விடுமுறைக்குப் போய்விட்டு வந்து நிதானமாகப் பிரித்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

நான்காம் படி: "ஒப்படைக்கப்பட்டது" என்கிறது, பொருளோ கையில் இல்லை

முதல் மணி நேரத்தில் செய்ய வேண்டியவை சாதாரணமானவை: வீட்டில் உள்ள மற்றவர்கள், பக்கத்து வீடு, காவலாளி, தபால் பெட்டி, மாடிப்படியின் அடி என்று தேடுங்கள். சில ஊழியர்கள் கிடங்கை விட்டுப் புறப்படும்போதே கணக்கு முடித்துவிடுகிறார்கள் என்பதால் ஒரு நாள் பொறுப்பதும் தவறில்லை. அந்த ஒரு நாளில் சான்றுகளைச் சேகரியுங்கள். ட்ராக்கிங் பக்கத்தில் ஒப்படைத்ததற்கான படம் இருந்தால் பெரிதாக்கிப் பாருங்கள்.

எனக்கு அப்படிக் கிடைத்த படம் ஒன்றில் என் பெட்டி, பச்சை நிற மிதியடி போட்ட ஒரு கதவருகே இருந்தது. என் வாசலில் மிதியடியே கிடையாது. கதவின் மேல் எழுதியிருந்த எண் என்னுடையதுதான். அடுத்த தெருவில் அதே எண்ணுள்ள வீட்டுக்கு நடந்து போனேன்; அதே மிதியடி, அதன் மேல் என் பெட்டி, மழைத்துளிகளோடு. கூரியரின் உதவி மையமோ அந்த வேளையிலும் "உங்களிடம் ஒப்படைத்தாயிற்று" என்றே மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தது.

அவ்வளவு எளிதாக முடியாதவர்கள் கூரியரிடம் நான்கு விவரங்களைக் கேளுங்கள்: ஒப்படைத்த நேரம், பெற்றவர் பெயர் அல்லது கையெழுத்தின் படம், ஸ்கேன் விழுந்த இடத்தின் ஜிபிஎஸ் பதிவு, அவர்களுடைய கணக்கில் உள்ள எடை. இவற்றை அனுப்பியவருக்குத்தான் தருவோம் என்று சொன்னால், விற்பனையாளரைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். எடையை ஏன் கேட்க வேண்டும் என்றால், மோசடி விற்பனையாளர்கள் சிலர் அதே ஊரில் வேறு யாருக்கோ ஒரு மலிவான உறையை அனுப்பிவிட்டு அதன் ட்ராக்கிங் எண்ணை உங்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். பக்கம் உங்கள் ஊரைக் காட்டும், "ஒப்படைக்கப்பட்டது" என்றும் காட்டும். நீங்கள் வாங்கியது இரண்டு கிலோ பொருளாக இருந்து, அந்த எண்ணில் போனது 20 கிராம் உறை என்று தெரிந்தால் மேற்கொண்டு வாதமே தேவையில்லை.

எழுதும்போது சொல்லில் கவனம் வேண்டும். "திருடு போய்விட்டது" என்று எழுதினால், பொருள் உங்கள் வாசலுக்கு வந்தது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகும். உங்களுக்குத் தெரிந்தது "எனக்குக் கிடைக்கவில்லை" என்பது மட்டுமே. அதை மட்டும் எழுதுங்கள்.

ஐந்தாம் படி: புகார் எழுதுவது

தொலைபேசியில் பேசலாம், ஆனால் பேசி முடித்ததும் பேசியதை இரண்டு வரியில் மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். உரையாடல் பெட்டியில் பேசினால் மூடும் முன் படம் பிடியுங்கள். புகார் எண் இல்லாத புகார், புகாரே அல்ல. நீளமாக எழுதப்படும் ஆதங்கத்தைப் படிப்பவர் முதல் பத்தியிலேயே ஆயத்தப் பதில் ஒன்றை ஒட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். இவ்வளவு போதும்:

"இந்த எண்ணுள்ள ஆர்டரை இந்தத் தேதியில் வாங்கினேன். இந்தத் தேதிக்குள் வரும் என்று தெரிவித்தீர்கள். படம் இணைப்பில் உள்ளது. ட்ராக்கிங் பக்கம் ஒப்படைத்ததாகக் காட்டினாலும் பொருள் எனக்குக் கிடைக்கவில்லை. பெற்றவரின் கையெழுத்தையும் ஸ்கேன் விழுந்த இடத்தின் பதிவையும் அனுப்புங்கள். ஏழு நாளுக்குள் மாற்றுப் பொருளோ முழுத் தொகையோ வேண்டும்."

இதற்குப் பதிலாக "கூரியரிடம் விசாரிக்கிறோம், காத்திருங்கள்" என்று வந்தால், விசாரணை எந்தத் தேதியில் முடியும் என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள். "உங்கள் சிக்கல் தீர்ந்ததா" என்று வரும் செய்திக்கு, பணம் வந்து சேரும்வரை ஆம் என்று அழுத்த வேண்டாம். நட்பாகத் தோன்றும் அந்தக் கேள்விதான் புகாரை மூடும் பொத்தான்.

ஆறாம் படி: விற்பனையாளர் அசையாதபோது

அடுத்து, தளத்தின் வாங்குபவர் பாதுகாப்பு. அதன் கெடு முடியும் நாளை ஆர்டர் செய்த அன்றே நாள்காட்டியில் குறித்துவைத்திருக்க வேண்டும். "இன்னும் பத்து நாள் பொறுங்கள், நிச்சயம் வரும்" என்று இனிமையாகப் பேசும் விற்பனையாளர்களில் சிலர் அந்தக் கெடுவைத் தாண்டவைப்பதற்கே பேசுகிறார்கள். அட்டையில் பணம் கட்டியிருந்தால் வங்கி வழியாகச் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை விற்பனையாளரிடமிருந்து திரும்பப் பெற்றுத் தருமாறு, கேட்கலாம். பொருள் கிடைக்காத வழக்குகளுக்கு விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் விதிகளிலும் பொதுவாக 120 நாள் வரை இடம் உண்டு. ஆனால் உங்கள் வங்கி தனக்கென வைத்திருக்கும் கெடு அதைவிடக் குறைவாக இருக்கலாம். பேபால் என்ற இணையப் பணச் சேவை வழியாகக் கட்டியிருந்தால், அங்கே தகராறு எழுப்ப 180 நாள். சேர்த்து வைத்த படங்கள் அத்தனைக்கும் இங்கேதான் வேலை. வங்கி ஊழியர் உங்கள் கதையைக் கேட்கப்போவதில்லை, தாள்களைப் புரட்டப்போகிறார். அதன் பிறகும் தீராவிட்டால் உங்கள் நாட்டின் நுகர்வோர் குறைதீர் அமைப்பை அணுகுங்கள்.

வெளிநாட்டுப் பார்சல்களுக்கு மட்டும்

"சுங்கத்தில் உள்ளது" என்ற வரி வந்தபின் கூரியரை நச்சரிப்பதில் பயனில்லை. பெட்டி அரசின் கையில் இருக்கிறது. சுங்க அதிகாரிகள் கேட்கக்கூடியது விலைச்சீட்டும் அடையாளச் சான்றும். இரண்டையும் முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தால் நாள் மிச்சம். அஞ்சல் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் சிஎன் 22, அல்லது மதிப்பு 300 எஸ்டிஆரை (பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு) தாண்டினால் சிஎன் 23 என்ற சுங்கப் படிவத்தில் பொருளின் விவரமும் மதிப்பும் இருக்கும். வரியைக் குறைக்கிறேன் என்று விற்பனையாளர் அதில் மதிப்பைக் குறைத்தோ "பரிசு" என்றோ எழுதுவதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். பெட்டி தொலைந்தால் இழப்பீடு அந்தக் குறைத்த மதிப்பைத் தாண்டாது. சுங்கத்தில் பிடிபட்டால் விளக்கம் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். பதிவு அஞ்சலோ பார்சலோ தொலைந்ததாகத் தெரிந்தால், அனுப்பிய மறுநாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அஞ்சல்துறையில் விசாரணை கேட்கலாம்.

சுங்கவரி கட்டச் சொல்லி, முகவரி சரியில்லை என்று சொல்லி, இணைப்போடு குறுஞ்செய்தி வந்தால் இணைப்பைத் தொடாதீர்கள். பார்சலை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் எதையும் அழுத்துவார் என்பதை மோசடிக்காரர்கள் நன்றாக அறிந்தவர்கள். ட்ராக்கிங் எண்ணை நீங்களே கூரியரின் தளத்தில் தட்டிப் பாருங்கள். உண்மையில் கட்டணம் இருந்தால் அங்கேயும் தெரியும்.

கடைசிப் படி: பொருளைத் திருப்பி அனுப்புவது

இப்போது பாத்திரங்கள் மாறுகின்றன. தொலைந்துவிட்டால் "நான் அனுப்பிவிட்டேன்" என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். கட்டும் முன் பொருளின் வரிசை எண்ணையும், கட்டியபின் தராசில் பெட்டியையும் படம் எடுங்கள். பழைய லேபிளை முழுதாகக் கிழித்தெடுங்கள், இல்லாவிட்டால் பிரிப்பு இயந்திரம் பழைய பார்கோடைப் படித்து பெட்டியை உங்களுக்கே திருப்பி அனுப்பும். எடுத்துப்போக வருபவர் உங்கள் கண்ணெதிரே ஸ்கேன் செய்யாமல் பெட்டியைக் கொடுக்காதீர்கள். "அலுவலகம் போய்ச் செய்துகொள்கிறேன்" என்றால், பெட்டியும் அலுவலகத்துக்கு நாளைக்கே போகட்டும். உப்பியோ சூடாகியோ உள்ள லித்தியம் பேட்டரியைச் சாதாரணப் பார்சலில் கட்டி அனுப்பக் கூடாது. பழுதான பேட்டரிகளை விமானத்தில் ஏற்றத் தடை உண்டு, தரைவழிக்கும் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. எப்படி அனுப்புவது என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டுவிட்டுப் பிறகு செய்யுங்கள்.

பொருள் போய்ச் சேர்ந்ததும் "பணம் திருப்பி அனுப்பப்பட்டது" என்று செய்தி வரும். அட்டைக்குத் திரும்பும் தொகை கணக்கில் தெரியச் சில வேலை நாள்கள் ஆகும் என்பதால் உடனே பதற வேண்டாம். பத்து நாள் கழிந்தும் வரவில்லை என்றால் அந்தப் பரிமாற்றத்தின் ஏஆர்என் எனப்படும் 23 இலக்க எண்ணை விற்பனையாளரிடம் கேளுங்கள். உண்மையிலேயே பணம் அனுப்பியிருந்தால் அந்த எண் அவரிடம் இருக்கும், அதை வைத்து உங்கள் வங்கி தொகை எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்துவிடும். எண்ணைத் தராமல் மழுப்பினால், அந்த மழுப்பலையும் படம் பிடித்து ஆறாம் படிக்குத் திரும்புங்கள்.